சிப் ஒன்று, திரையில் தெரிவது வேறு: வாசகர் கேள்விகள்

பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி ஓட்டுகிறவர்களின் கேள்விகள் இந்த முறை. ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸோ லினக்ஸோ சிப்பை, அதாவது கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை, தானாகக் கண்டுபிடிப்பதில்லை. சிபியுஐடி என்ற கட்டளை மூலம் சிப்பிடமே கேட்கும். வந்த பதிலைக் காட்டும். பதில் அரைகுறையாக இருந்தால் ஊகிக்கும்.

சைரிக்ஸ் 6எக்ஸ்86 பிஆர்166+ வைத்திருக்கிறேன். விண்டோஸ் 95 அதை 486 என்கிறது. வேகமும் 133 மெகாஹெர்ட்ஸ்தான். போலிச் சிப்பா?

போலி இல்லை. இந்த சிப்பை இயக்கும்போது சிபியுஐடி அணைந்த நிலையில்தான் இருக்கும். பதில் சொல்லாத சிப்பை விண்டோஸ் 95 486 கணக்கில் சேர்த்துவிடுகிறது. பயாஸை (கம்ப்யூட்டரைத் துவக்கும், மதர்போர்டில் பதிந்த மென்பொருள்) புதுப்பித்துப் பாருங்கள். அதுவும் உதவவில்லை என்றால், சிப்பின் உள்ளே அமைப்புகளை வைத்திருக்கும் சிசிஆர்4 ரெஜிஸ்டரில் சிபியுஐடிக்கான பிட்டை இயக்கும் சின்னப் புரோகிராம்கள் உண்டு. லினக்ஸ் இந்த வேலையைத் தானே செய்துகொள்ளும். இயக்கியபின் தயாரிப்பாளர் பெயர் 'சைரிக்ஸ்இன்ஸ்டெட்' ('பதிலாக சைரிக்ஸ்') என்று வரும். 'ஜெனுயின்இன்டெல்' ('அசல் இன்டெல்') என்று போட்டுக்கொண்ட போட்டியாளருக்கு விட்ட குத்து அது! 133 சரியான வேகம்தான். 166+ என்பது பென்டியம் 166-க்கு ஈடு என்று சொல்லி விற்ற எண்.

அத்லான் எக்ஸ்பி 1800+ திடீரென்று 1150 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது.

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். பஸ் (சிப்பை மதர்போர்டுடன் இணைக்கும் பாதை) வேகத்தைப் பெருக்கல் எண்ணால் பெருக்கினால் சிப்பின் வேகம். இந்த சிப்பின் பெருக்கல் எண் 11.5. பஸ் வேகம் 133 ஆக இருந்தால் 1533 வரும். 100 ஆக இருந்தால் 1150. மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து பயாஸ் பழைய அமைப்புக்குத் திரும்பியிருக்கும். பேட்டரியை மாற்றி, பஸ்ஸை 133-இல் வையுங்கள். போர்டில் சிப்பையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் சிப்செட் கேடி133 என்றால் 100-க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், கேடி133ஏ வேண்டும்.

பென்டியம் எம் 1.6 கிகாஹெர்ட்ஸ் லேப்டாப். உபுண்டு 14.04 லினக்ஸ் 'பிஏஇ இல்லை' என்று நின்றுவிடுகிறது. பழைய லினக்ஸில் ஏறினால் 600 மெகாஹெர்ட்ஸ் என்கிறது!

அதிகம் பேரைக் குழப்பிய சிக்கல் இதுதான். பிஏஇ என்பது 32-பிட் சிப்புகள் கூடுதல் நினைவகத்தைக் கையாள உதவும் வசதி. பென்டியம் எம்மில் 2003-இல் வந்த பேனியஸ் வகையிலும், அடுத்து வந்த டோத்தனில் 400 மெகாஹெர்ட்ஸ் பஸ் கொண்டவற்றிலும் பிஏஇ வசதி வேலை செய்யும். ஆனால் சிபியுஐடி பதிலில் 'இருக்கிறது' என்ற கொடி மட்டும் ஏற்றப்படவில்லை. உபுண்டு 12.10 முதல் 32-பிட் பதிப்பில் பிஏஇ கேட்கும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மட்டுமே வந்ததால், நல்ல லேப்டாப்புகள் எல்லாம் ஏறாமல் நின்றன.

14.04-இல் இதற்கு வழி வைத்தார்கள். துவக்க வரியின் (துவங்கும்போது கெர்னலுக்குத் தரும் கட்டளை வரி) கடைசியில் 'ஃபோர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லையும் பி, ஏ, இ என்ற எழுத்துகளையும் இடைவெளி விடாமல் சின்ன எழுத்தில் சேர்த்து அடியுங்கள். அப்புறம் இரண்டு சிறு கோடுகள் போட்டு அதையே இன்னொரு முறை அடியுங்கள். இரண்டாவது, நிறுவிய பிறகும் அது நிலைக்க. கெர்னல் ஓர் எச்சரிக்கை எழுதிவைக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் 14.04 காலாவதியான சரக்கு. இணையத்தில் உலாவப் போகிறீர்கள் என்றால், பிஏஇ கேட்காத 32-பிட் கெர்னல் தரும் வேறு லினக்ஸ் விநியோகத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

600 பற்றிக் கவலை வேண்டாம். வேலை இல்லாதபோது ஸ்பீட்ஸ்டெப் என்ற மின்சேமிப்பு வசதி வேகத்தைக் குறைக்கிறது. பெரிய கோப்பு ஒன்றைச் சுருக்கவிட்டுப் பாருங்கள், 1600 காட்டும்.

விண்டோஸ் 2000-இல் 'எக்ஸ்86 ஃபேமிலி 6 மாடல் 8' என்று மட்டும் வருகிறது. பென்டியம் 3 தானா?

பென்டியம் 3-ஆக இருக்கலாம், செலரானாகவும் இருக்கலாம். காப்பர்மைன் வகை. இவற்றில் முழுப் பெயர் பதிந்திருக்காது. இன்டெல் அதைப் பென்டியம் 4-இலிருந்துதான் கொடுக்க ஆரம்பித்தது. செலரானும் இதே மாடல் 8-இல் வரும் என்பதால் எல்2 கேச்சை (சிப்புக்குள் இருக்கும் சிறு வேக நினைவகம்) பாருங்கள். 256 கேபி என்றால் பென்டியம் 3, 128 என்றால் செலரான். பழைய பொருள் வாங்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பழைய போர்டு வாங்கினேன். விண்டோஸ் 7-இல் கோர், கேச் விவரங்கள் எல்லாம் தப்பாக இருக்கின்றன.

பயாஸில் 'லிமிட் சிபியுஐடி மேக்ஸ்வால்' என்று ஓர் அமைப்பு இருக்கும். முன்பு வைத்திருந்தவர் அதை இயக்கிவிட்டிருக்கலாம். சிபியுஐடி விவரங்களை எண்ணிட்ட பகுதிகளாகத் தரும்; கடைசி எண் 3-க்கு மேல் என்று பதில் வந்தால் பழைய விண்டோஸ் என்டி 4.0 துவங்காமல் போகும் என்பதற்காக வைத்த தடுப்பு அது. கேச், கோர் விவரங்கள் இருப்பதோ 4-ஆம் எண்ணில். அந்த அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி துவக்குங்கள். என்டி 4.0 ஓட்டப் போகிறவர்கள் மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.