உலை இல்லாத ஊரில் உலோக வேலை: இனுயிட் நகைகள் பற்றிக் கேள்வி பதில்

டொரொண்டோவில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவன் என்பதால், ஆர்க்டிக் பனிநிலப் பழங்குடிகளான இனுயிட் மக்களின் மரபைத் தழுவிய உலோகச் சிற்பம், நகை வேலை பற்றிய கேள்விகள் என்னிடம் வந்தன. பதில்கள் இதோ.

கேள்வி: இனுயிட் கலை என்றாலே கல்லும் தந்தமும்தானே? மரமே வளராத பனிநிலத்தில் உலோக வேலை எப்படி வந்தது?

வானத்திலிருந்து விழுந்தது. மிகையாகச் சொல்லவில்லை. வடமேற்கு கிரீன்லாந்தின் கேப் யார்க் பகுதியில் விழுந்த விண்கல் இரும்பைப் பசால்ட் என்னும் கடினமான எரிமலைக் கல்லால் தட்டித் தட்டிச் செதில்களாக்கினார்கள். அவற்றை எலும்புப் பிடியின் விளிம்பில் வரிசையாகச் செருகினால் கத்தி. 1818இல் அங்கே போன பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ராஸ், இந்தக் கத்திகளைப் பார்த்து வியந்தார். விறகும் கரியும் இல்லாத இடத்தில் உருக்குவது எப்படி? காய்ச்சாமலே அடித்தார்கள். ஏறக்குறைய 8 சதவீதம் நிக்கல் கலந்த இரும்பு அது; காய்ச்சாமல் அடித்துப் பார்த்தவருக்குத்தான் அந்த உழைப்பு புரியும்.

அந்த விண்கல்லின் 31 டன் எடையுள்ள துண்டை 1897இல் அமெரிக்கத் துருவப் பயணி ராபர்ட் பியரி கப்பலேற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அது இன்று அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை அறிவியல் சாதனையாக எழுதுபவர்கள் உண்டு. ஓர் ஊரின் இரும்புக் களஞ்சியத்தையே தூக்கிக்கொண்டு போனதாகத்தான் எனக்குப் படுகிறது.

கனடாவின் காப்பர்மைன் ஆற்றுப் பக்கத்திலோ செம்பு உலோகமாகவே கிடைத்தது. அங்கே வாழ்ந்தவர்களை வெளியார் ‘செப்பு இனுயிட்’ என்றே அழைத்தார்கள்.

கேள்வி: அந்தக் காலத்துப் பெண்கள் உலோக நகை அணிந்தார்களா?

அணிந்தார்கள். வணிகத்தில் கிடைத்த பித்தளையை வெட்டி நெற்றிப்பட்டை செய்துகொண்டார்கள். குழந்தையைச் சுமக்கும் ‘அமவுட்டி’ என்னும் மேலங்கியில் பாசிமணியோடு நாணயங்களையும், கரண்டியின் குழிந்த பகுதியையும் கோத்துத் தொங்கவிட்டார்கள். வேறொருவர் வீட்டுச் சாப்பாட்டுக் கரண்டி இங்கே அணிகலன்! புதிய பொருளைத் தன் அழகுக்கு வளைத்துக்கொள்ளும் இந்தத் துணிச்சலை நான் மிகவும் ரசிக்கிறேன்.

கேள்வி: இன்றைய கலைஞர்களில் யாரைப் பார்க்கலாம், ஐயா?

இருவரைச் சொல்கிறேன். கிழக்குக் கனடாவின் லாப்ரடாரைச் சேர்ந்த மைக்கேல் மாஸி வெள்ளியில் தேநீர்க் கெண்டி செய்வார். ‘உலு’ என்னும் பெண்களின் பிறைவடிவக் கத்தி அவருடைய கெண்டிகளில் வெவ்வேறு உருவில் எட்டிப்பார்க்கும். கனடாவின் நுனாவுட் பிரதேசத் தலைநகரான இக்காலுயிட்டில் பட்டறை வைத்திருக்கும் மாத்யூ நுக்கிங்காக், பனியின் கூசும் ஒளியைத் தடுக்க, மெல்லிய பிளவு வழியே பார்க்கும் பழைய கண்காப்பை வெள்ளியில் செய்கிறார். எலும்பிலும் கொம்பிலும் செய்த கருவி அவர் கையில் சிற்பமாகிவிட்டது. அதே நகரில் நுனாவுட் ஆர்க்டிக் கல்லூரி நகை வேலையைப் பாடமாகவே கற்பிக்கிறது.

கேள்வி: அண்ணா, வெள்ளிப் பதக்கத்தில் கலைமான் கொம்பைப் பதிக்கிறேன். பற்றவைக்கும்போது கொம்பு கருகி நாறுகிறது. என்ன செய்வது?

தம்பி, கொம்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே நெருப்பு வேலை முழுவதும் முடிந்திருக்க வேண்டும். பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, அமிலத்தில் போட்டு எடுத்து, அரம் போட்டு, கந்தகக் கரைசலில் கறுப்பேற்றி, மெருகும் கொடுத்த பிறகே கொம்பைப் பொருத்துங்கள். அமிலம் பட்டால் கொம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரையும். அதனால் நெருப்பு மட்டும்தான் எதிரி என்று நினைக்காதீர்கள்.

பொருத்துவதற்குத் தறையாணி (ரிவெட்) நல்லது. துளையை ஆணியைவிட மயிரிழை பெரிதாக இடுங்கள், கொம்பு ஈரத்தில் உப்பும். ஆணித் தலைக்கு அடியில் சிறு வெள்ளி வில்லை வைத்து, லேசான சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் விரிசல் விடும். கொம்பைத் தேய்க்கும்போது நனைத்துத் தேய்த்து, முகக்கவசமும் போடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: இனுக்சுக் கல் அடுக்கு வடிவத்தில் பதக்கம் செய்து விற்கலாமா?

செய்வதைத் தடுப்பதற்கு நான் யார்? ஆனால் 2010 வான்கூவர் ஒலிம்பிக் சின்னத்துக்குப் பிறகு விமான நிலையக் கடைகளெல்லாம் அதுதான், பார்த்துச் சலித்துவிட்டது. இனுயிட் வேலையிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதானால் வேலை செய்யும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்: பற்றவைக்காத இணைப்பு, தந்தத்தில் அவர்கள் கீறிய புள்ளியும் வட்டமும். எதைச் செய்தாலும் ‘இனுயிட் நகை’ என்று பெயரிட்டு விற்காதீர்கள். இனுயிட் கைவேலைக்கு அடையாளமாக 1958 முதல் ‘இக்லூ’ முத்திரை இருக்கிறது. 2017இலிருந்து அதை இனுயிட் கலை அறக்கட்டளை வழங்குகிறது. வாங்குபவர்களும் அதைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நார்வால் திமிங்கிலத்தின் தந்தத்தில் செய்த தோடு வாங்கி அமெரிக்காவிலுள்ள அக்காவுக்கு அனுப்பலாமா?

வேண்டாம். அங்கே 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கடல் பாலூட்டிகளின் பொருட்களை இறக்குமதி செய்யத் தடை உண்டு, சுங்கத்தில் பறிபோகும். வேறு நாடுகளுக்கு அனுப்பவும் ஏற்றுமதி அனுமதிச் சீட்டு தேவைப்படும். அக்காவுக்கு முழு வெள்ளித் தோடாகவே வாங்கி அனுப்புங்கள்.