கும்பிடாமல் நின்ற பையன்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. பெயரை வெளியிட வேண்டாம்.

மாசித் திருவிழாவை ஒட்டி எங்கள் ஊர்ப் பொட்டலில் மின்னொளி கபடிப் போட்டி நடந்தது. ஏழு மணிக்குத் தொடக்கம் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்து சேர ஒன்பதரை ஆகிவிட்டது. பென்டிரைவில் தமிழ்த்தாய் வாழ்த்தைப் போட்டார்கள். கேலரியில் பாதிப் பேர் எழவில்லை. எழுந்தவர்களில் பலர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து பூசாரி விபூதித் தட்டோடு களத்துக்கு வந்தார். "எல்லோரும் கைகூப்பி அம்மனை வணங்குவோம்" என்று மைக்கில் அறிவித்தார்கள். வெளியூர் அணி ஒன்றில் ஒரு பையன் மட்டும் கைகூப்பாமல், தலையைக் குனிந்து நின்றான். கிறிஸ்தவப் பையன் என்று பிறகு தெரிந்தது. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு அவன் ஒழுங்காக நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். விழாக் குழுவில் ஒருவர், "கையெடுத்துக் கும்பிடத் தெரியாதவனுக்கு எங்கள் ஊரில் என்ன ஆட்டம்?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார். அந்த அணி கிளம்பப் பார்த்தது. ஊர்த் தலைவரான அம்பலம் தலையிட்டுத்தான் சமாதானம் ஆயிற்று. நள்ளிரவு தாண்டிப் பரிசளிப்பு முடிந்து தேசிய கீதம் ஒலித்தபோது கூட்டம் கலைந்து வண்டிகளைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அதே மனிதர், கீதம் ஓடும்போதே, "நில்லுங்கள், நாட்டுப்பற்று இல்லையா உங்களுக்கு?" என்று மைக்கில் கத்தினார்.

எங்கள் ஆசிரியர் அறை இரண்டு கட்சியாகிவிட்டது. அந்தப் பையன் செய்தது அவமரியாதையா? இப்படி விட்டால் அமெரிக்காவில் தேசிய கீதத்துக்கு மண்டியிட்டார்களே, அங்கேதான் போய் நிற்கும் என்கிறார் ஒருவர். எங்கள் பள்ளி விளையாட்டு விழாவும் வருகிறது. பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

இன்னொன்று. எங்கள் அப்பச்சிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, மூட்டு வலி வேறு. தொலைக்காட்சியில் கிரிக்கெட்டுக்கு முன் தேசிய கீதம் வந்தால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். வேண்டாம் என்றால் கோபம் வருகிறது. என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

*

அன்புள்ள ஆச்சி,

முதலில் பையன். அவன் செய்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மொழிக்கான பாட்டுக்கு எல்லோரையும் போல நின்றான். தன்னுடையதல்லாத தெய்வத்துக்குப் பூசை நடந்தபோது பேசவில்லை, சிரிக்கவில்லை, செல்போனை எடுக்கவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு போகவில்லை. தலை குனிந்து நின்றான். ஆட வந்த விருந்தாளியிடம் ஓர் ஊர் எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவுதான். அதற்கு மேல் கையைக் கூப்பச் சொல்வது, அவனுடைய பக்தியையே கேட்பதாகும். அதை மைக்கில் கேட்டு வாங்க முடியாது.

இது நம் பக்கத்துக்குத் தெரியாத நாகரிகமும் இல்லை. சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். நாட்டார்கள் ஜவுளியோடு ஊர்வலமாக வந்து, தொழுவில் நிற்கும் காளைகளுக்கு வேட்டி துண்டு சாத்துகிறார்கள். அதற்குப் பிறகுதான் காளைகள் அவிழ்கின்றன. எந்த ஊர் மஞ்சுவிரட்டானாலும் கோயில் மாடு வந்தால் யாரும் பிடிப்பதில்லை. அத்தனை முரட்டு இளைஞர்களும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். அவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு, எந்தச் சாமியையும் கும்பிடாதவனும் உண்டு. விழுந்து வணங்கு என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. கை வைக்காதே என்பதே அங்கே மரியாதை. உங்கள் பொட்டலில் அந்தப் பையன் காட்டியதும் அதைத்தான்.

வழிபாட்டை விடுங்கள், தேசிய கீதத்துக்கே நம் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலைத்தான் வைத்தது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், ஒரே வீட்டுப் பிள்ளைகள், பள்ளியில் கீதம் பாடும்போது எழுந்து நிற்பார்கள், வாய் திறந்து பாட மாட்டார்கள். தங்கள் கடவுளைத் தவிர வேறெதையும் துதிக்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. 1985இல் அவர்களைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். மறு ஆண்டு வந்த பிஜோ இம்மானுவேல் வழக்குத் தீர்ப்பில், மரியாதையோடு எழுந்து நின்றவர்கள் பாடாமல் இருந்தது அவமதிப்பு ஆகாது என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும்படி உத்தரவானது. உங்கள் ஆசிரியர் அறையின் இரண்டு கட்சிகளும் அந்தத் தீர்ப்பைப் படிக்கலாம். நீளமானதுதான், ஆனால் விளையாட்டு விழா வரவேற்புரையைவிடச் சுவையானது.

இப்போது மைக் மனிதர். 1971ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம், கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவரையும், பாடும் கூட்டத்துக்கு இடையூறு செய்பவரையும் தண்டிக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. எழாமல் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை. கூட்டத்தினர் எழுந்து நிற்க வேண்டும் என்பது உள்துறை அமைச்சகத்தின் ஆணையில் இருக்கிறது, அது வேறு. அந்த இரவில் வண்டியைக் கிளப்பியவர்கள் செய்தது அநாகரிகம், சந்தேகமே இல்லை. ஆனால் ஐம்பத்திரண்டு வினாடிப் பாட்டின் மேல் ஒலிபெருக்கியில் கத்தியவர்தான் அந்தப் பொட்டலில் சட்டத்துக்கு மிக அருகில் போனவர். அவர் மேல் வழக்குப் போடச் சொல்லவில்லை. அடுத்த முறை மைக்கை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்கிறேன்.

மரியாதையைக் காவல் காக்கப் புறப்படுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஓர் அச்சம் உண்டு. 2016இல் கோவாவில் ஒரு திரையரங்கில், கீதத்துக்கு எழவில்லை என்று ஒருவரை அடித்தார்கள். அவர் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்பவர். அடித்தவர்களுக்கு அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பொறுமை இல்லை. அதே ஆண்டு நவம்பரில் திரையரங்குகளில் கீதத்தைக் கட்டாயமாக்கிய உச்ச நீதிமன்றம், 2018 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தைத் தானே விலக்கிக்கொண்டது.

அமெரிக்காவில் மண்டியிட்டவர் காலின் கேப்பர்னிக், சான் பிரான்சிஸ்கோ அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர். கறுப்பின மக்கள் மீதான போலீஸ் வன்முறையைக் கண்டித்து 2016இல் கீதத்தின்போது முதலில் உட்கார்ந்துதான் இருந்தார். முன்னாள் ராணுவ வீரரான நேட் போயர் அவரிடம் பேசினார். உட்காருவதைவிட மண்டியிடுவது மேல், வீழ்ந்த தோழனின் கல்லறை முன் சிப்பாய்கள் அப்படித்தான் செய்வார்கள் என்றார். கேப்பர்னிக் கேட்டுக்கொண்டார். அந்தப் பருவத்துக்குப் பிறகு எந்த அணியும் அவரைச் சேர்க்கவில்லை. அவர் செய்தது சரியா தவறா என்று ஆசிரியர் அறையில் இன்னொரு மாதம் வாதாடலாம். ஆனால் அவர் சொல்ல ஒன்று இருந்தது, அதற்கு விலையும் கொடுத்தார். உங்கள் கேலரியில் எழாதவர்களிடம் அப்படி எந்தக் கோரிக்கையும் இல்லை. ஏழு மணியிலிருந்து காத்திருந்த அலுப்பு, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்று உங்கள் சக ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

அமெரிக்காவிலிருந்து அவர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. டெக்சஸ் மாநிலத்தில் சான்டா ஃபே என்ற ஊரின் பள்ளியில், கால்பந்தாட்டத்துக்கு முன் ஒரு மாணவர் ஒலிபெருக்கியில் ஜெபம் சொல்வது வழக்கம். வழக்குத் தொடுத்தவை இரண்டு குடும்பங்கள். ஒன்று கத்தோலிக்கம், மற்றது மார்மன். அதாவது ஜெபத்தை எதிர்த்தவர்களும் ஜெபம் செய்பவர்களே. ஊராரின் தொல்லைக்கு அஞ்சி, பெயரை மறைத்தே வழக்கை நடத்த நீதிமன்றம் அனுமதித்தது. 2000இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த ஜெபத்தை நிறுத்தியது. பள்ளியின் விழாவில், பள்ளியின் ஒலிபெருக்கியில் சொல்லும்போது அது பள்ளியே சொல்வதாகிவிடுகிறது என்பது காரணம். 2022இல் வாஷிங்டன் மாநிலத்துப் பயிற்சியாளர் ஒருவர் ஆட்டம் முடிந்தபின் மைதான நடுவில் மண்டியிட்டு ஜெபிப்பதை அதே நீதிமன்றம் தனிமனித உரிமை என்று அனுமதித்தது. அந்த இரண்டாவது தீர்ப்பு எனக்கு முழுதாக உவக்கவில்லை. கூட ஜெபிக்காவிட்டால் ஆட வாய்ப்புக் குறையுமோ என்று ஒரு பையன் பயந்ததாக அவன் வீட்டார் சொன்னது அந்த வழக்கிலேயே பதிவாகியிருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர் கண்ணை மூடினால் அணியே கண்ணை மூடும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஊர்த் திருவிழாப் போட்டியும் பள்ளி விளையாட்டு விழாவும் ஒன்றல்ல. திருவிழாக் கபடி அம்மன் பெயரால் நடக்கிறது. பூசாரி வரட்டும், விபூதி தரட்டும். வேண்டியவர்கள் நெற்றியில் இட்டுக்கொள்ளட்டும். "கைகூப்புவோம்" என்ற அந்த ஒரு வரியை மட்டும் மைக்கிலிருந்து எடுத்துவிட்டால் போதும். களத்துக்குள் இறங்கும் ரெய்டர் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். இன்னொருவன் சிலுவை போட்டுக்கொள்கிறான். ஒருவன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து முணுமுணுத்து முகத்தில் தடவிக்கொள்கிறான். யாரும் அறிவிப்புச் செய்யாமலே இத்தனையும் நடக்கிறது. பள்ளியில் கதை வேறு. அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில் எந்தப் பிள்ளையையும் பெற்றோர் சம்மதமின்றி வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. உங்கள் தலைமை ஆசிரியருக்கு இது நினைவிருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டீர்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு விழாக் குழுவுக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள். இரண்டரை மணி நேரம் பனியில் காக்கவைத்துவிட்டு, கரகரக்கும் பென்டிரைவில் தமிழ்த்தாயை வரவழைத்தால் எவன் எழுவான்? தமிழ்த்தாய்க்கென்று கோயிலே எழுப்பிய வட்டாரம் இது. காரைக்குடிக் கம்பன் மணிமண்டப வளாகத்தில் இருக்கிறது. கம்பன் விழா குறித்த நேரத்தில் தொடங்குவதற்குப் பேர் போனது, கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன் அப்படிப் பழக்கிவைத்தார். அங்கே கூட்டம் தானாக அடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுந்தரனாரின் மனோன்மணீயம் 1891இல் வந்த நாடகம். அதிலிருந்து எடுத்த "நீராருங் கடலுடுத்த" 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அந்த அரசாணையில் ஒரு நல்ல சேதி உண்டு. கல்வி நிலையங்கள், அரசு விழாக்களில் இசைத்தட்டைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்கிறது. ஐம்பத்தைந்து வினாடி. எல்லோரும் எழ வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு. உங்கள் வகுப்புப் பெண்கள் நான்கு பேரை மோகன ராகத்தில் பழக்குங்கள். இரண்டு அணிகளும் களத்தில் வரிசையாக நிற்க, அவர்கள் பாடட்டும். கண்ணெதிரே ஒரு சிறுமி பாடும்போது உட்கார்ந்திருக்க நம் ஆட்களுக்குக் கூச்சம் வரும். ஒலிபெருக்கிப் பெட்டியிடம் யாருக்கும் கூச்சம் கிடையாது.

தேசிய கீதத்தைப் பரிசளிப்புக்குப் பின்னால் வைக்கும் வழக்கத்தையும் ஊர்ப் போட்டிகளில் மாற்றலாம். இறுதி ஆட்டத்தின் முதல் ரெய்டுக்கு முன் வையுங்கள். அப்போதுதான் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள், விளக்கு எல்லாம் எரியும், அணிகள் களத்தில் இருக்கும். சர்வதேச ஆட்டங்களில் தொடங்கும் முன்பே பாடிவிடுகிறார்கள். மைக் செட்காரரிடமும் ஒரு வார்த்தை: "ஜய ஹே" முடிந்த கையோடு அடுத்த சினிமாப் பாட்டுத் தானாகப் பாய்ந்துவிடாதபடி கீதத்தைத் தனியாக ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பொன்னாடை போர்த்தும் படலத்தைக் குறைப்பது என் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை.

விழாக் குழுக் கூட்டத்துக்கு உங்களை அழைக்க மாட்டார்கள், தெரியும். அந்த அம்பலத்தைப் பிடியுங்கள். அணி கிளம்பாமல் தடுத்தவர் அவர்தானே. வெளியூர் அணிக்கு அடுத்த ஆண்டு அழைப்பு அனுப்பும்போது குழுவின் சார்பில் இரண்டு வரி வருத்தமும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அந்தப் பையனும் அணியில் வர வேண்டும் என்று குறிப்பிட்டால் இன்னும் நல்லது.

அப்பச்சி விஷயம். செய்திப்படத்திலோ ஆவணப்படத்திலோ ஒரு பகுதியாகக் கீதம் வந்தால் பார்வையாளர்கள் எழ வேண்டியதில்லை என்று அந்த உள்துறை ஆணையே சொல்கிறது. வீட்டுத் தொலைக்காட்சிக்கு அதைவிடக் கடுமை தேவையில்லை. இதை அவரிடம் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். அசையாத கைப்பிடி நாற்காலி ஒன்றைப் போட்டு, பக்கத்தில் யாராவது நில்லுங்கள். எனக்கு ஒரு சின்ன ஆவல். அந்த ஆட்டங்களில் எதிரணி நாட்டின் கீதமும் ஒலிக்கும். அதற்கும் அப்பச்சி எழுகிறாரா என்று கவனித்து எழுதுங்கள்.