கிரய ஒப்பந்தம் போட்ட பிறகு மாடித் தளப் பலகையைப் பெயர்க்கலாமா?

கேள்வி: காரைக்குடி அருகே 1910-ல் கட்டிய வீட்டுக்குக் கிரய ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்துவிட்டேன். மாடித் தளம் முழுக்க பர்மா தேக்குப் பலகை. ஆணியே அடிக்காமல் காடி எடுத்துப் பொருத்தியது. அதற்காகத்தான் அந்த வீட்டையே முடிவு செய்தேன். இப்போது உரிமையாளர் பலகையைப் பெயர்த்துப் பழம்பொருள் வியாபாரிக்கு விற்கப் போகிறாராம். "அது அசையும் சொத்து, ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லையே" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அவர் சொல்வது தவறு. கட்டடத்தை நிரந்தரமாக அனுபவிப்பதற்காக அதோடு பொருத்திய எதுவும் நிலத்தோடு இணைந்ததாகவே கருதப்படும் என்கிறது 1882-ம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3-வது பிரிவு. வீடு கைமாறும்போது கதவு, ஜன்னல், பூட்டு, சாவி உட்பட நிரந்தரப் பயன்பாட்டுக்கு உள்ளவை எல்லாம் கூடவே வரும் என்கிறது 8-வது பிரிவு. பலகை தனக்கு வேண்டும் என்றால் அவர்தான் அதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாதது உங்களுக்கே சாதகம். தவிர, வீட்டை ஒப்படைக்கும்வரை அதைக் கவனமாகப் பாதுகாப்பது 55-வது பிரிவுப்படி விற்பவரின் கடமை.

ஆனால் கிரயப் பத்திரம் முடியும்வரை வீடு அவருடையதுதான். அதனால் திருட்டுப் புகாரோடு காவல் நிலையத்துக்கு அலையாதீர்கள், நாள்தான் வீணாகும். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள், உடனே. கிரயம் செய்து தரக் கோரும் வழக்கோடு, பலகையைப் பெயர்க்க இடைக்காலத் தடையும் கேளுங்கள். தளம் இன்று இருக்கும் நிலையைப் பதிவு செய்ய வழக்கறிஞர் ஆணையரை (நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர்) நியமிக்கும்படியும் மனு போடுங்கள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பலகை போன பிறகு அது எப்படி இருந்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு. மீதித் தொகை உங்களிடம் தயாராக இருப்பதற்கு வங்கி ஆவணமும் வேண்டும்.

வக்கீல் நோட்டீஸை வியாபாரிக்கும் அனுப்புங்கள். 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த நூறாண்டுக்கு மேற்பட்ட பொருளும் தொல்பொருள் ஆகலாம். அதில் வியாபாரம் செய்ய உரிமம் தேவை. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. இதைப் படித்தால் அவர் யோசிப்பார்.

ஒருவேளை பலகை ஏற்கெனவே போயிருந்தால், கிரயத்தோடு இழப்பீடும் சேர்த்துக் கேட்கலாம். அப்புறம், ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதா என்று நீங்கள் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் பதிவு கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும் இத்தகைய வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் கூறியிருப்பதால், அதை நினைத்துத் தயங்க வேண்டாம்.