கையட்டூர் அருவிக்கு அம்மாவையும் மகளையும் அழைத்துப் போகலாமா?

கேள்வி: வேலை விஷயமாகத் தென் அமெரிக்க நாடான கயானாவின் ஜார்ஜ்டவுனில் பத்து நாள் தங்கப்போகிறேன். 65 வயது அம்மாவும் 11 வயது மகளும் உடன் வருகிறார்கள். மழைக்காட்டுக்குள் இருக்கும் கையட்டூர் அருவியைப் பார்க்க ஆசை. காட்டுவழியே போவதா, விமானமா? ஆகஸ்ட் தொடக்கமா, செப்டம்பரா?

பதில்: தாராளமாக அழைத்துப் போகலாம், ஆனால் விமானத்தில். தரைவழி போனால் மூன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். மாஹ்தியா என்ற ஊர்ப் பக்கம் வரை கரடுமுரடான சாலை. பிறகு பொட்டாரோ ஆற்றில் படகு. பாறை குறுக்கிடும் இடங்களில் இறங்கி, மூட்டையோடு நடந்து வேறு படகு ஏற வேண்டும். கடைசியில் மலையடிவாரத்து டுகெய்ட்டிலிருந்து மலை உச்சிக்குச் செங்குத்தான ஏற்றம். அதற்கு 'ஓ மை காட்' என்றே பெயர். அம்மாவுக்கு இது வேண்டாம். ஜார்ஜ்டவுனை ஒட்டிய ஓகிள் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம்தான்.

அருவிக்கான நாளைத் தங்கலின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேகம் இறங்கினாலோ, போதிய ஆள் சேராவிட்டாலோ விமானம் கிளம்பாது. கடைசி நாளுக்கு ஒதுக்கிவிட்டால் தள்ளிப்போட வழியே இருக்காது. ரத்தானால் வேறு நாள் கிடைக்குமா, பணம் திரும்புமா என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அங்கே பெருமழை. தண்ணீர் கொட்டும், ஆனால் பள்ளத்தாக்கை மேகம் மூடிவிட்டால் எதிரே நின்றும் இரைச்சல் மட்டுமே கேட்கும். செப்டம்பர் முதல் வாரத்தைத்தான் நான் சொல்வேன். வானம் திறக்கத் தொடங்கியிருக்கும், ஆறும் பெரிதாக இளைத்திருக்காது.

அருவியின் உயரம் 226 மீட்டர், இடையில் எங்கும் தட்டாமல் ஒரே வீழ்ச்சி. தஞ்சைப் பெரிய கோயில் போல மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் எட்டாது. தண்ணீர் பழுப்புச் சிவப்பாக இருப்பதைப் பார்த்து அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். காட்டு இலைகள் ஊறி இறங்கிய சாயம் அது.

பார்வை முனைகளில் தடுப்புக் கம்பி கிடையாது. அந்த இடம் அப்படியே இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன், ஆனால் குழந்தையோடு போகிறவருக்குக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சாரலில் பாறை பாசி பிடித்து வழுக்கும். செருப்பு வேண்டாம், அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ போடுங்கள். மகளின் கையை விடாதீர்கள், வழிகாட்டி நிற்கச் சொன்ன இடத்தைத் தாண்டிப் படம் எடுக்கப் போகாதீர்கள்.

முனைக்கு முனை நடக்கும் பாதையில் அவசரம் காட்டாதீர்கள். மகளுக்கு அதிகம் பிடிக்கப்போவது அங்கேதான் இருக்கிறது. அன்னாசிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த, ஆளைவிட உயரமாக வளரும் செடிகள் வழியோரம் நிற்கும். அவற்றின் இலைக்கக்கத்தில் மழைநீர் தேங்கும். அந்தத் தண்ணீரில் விரல்நுனி அளவே உள்ள மஞ்சள் தவளை ஒன்று வாழ்கிறது. அது முட்டையிடுவதும் குஞ்சு வளர்வதும் அங்கேயேதான். வழிகாட்டி இலையை மெல்ல விலக்கிக் காட்டுவார். எட்டிப் பார்க்கட்டும், தொட வேண்டாம். கையில் பூசிய கொசு விரட்டி மருந்து அந்தத் தோலுக்கு ஆகாது. அருவித் திரைக்குப் பின்னால் உள்ள குகையில் உழவாரக் குருவிகள் கூட்டமாகத் தங்குகின்றன. அவை கூடு திரும்புவது அந்தி நேரத்தில். பகலிலேயே திரும்பும் உங்களுக்கு அது கிடைக்காது.

இனி ஊசி விஷயம். கயானா, மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். உங்களுக்கும் மகளுக்கும் பொதுவாகச் சிக்கல் இராது. ஆனால் 60 வயதைக் கடந்தவர்களுக்கு முதல்முறை இந்த ஊசி போடும்போது கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். அம்மாவின் மருந்துப் பட்டியலோடு மருத்துவரைப் பார்த்து, மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். அவர் சரி என்ற பிறகு அம்மாவுக்கு டிக்கெட் எடுங்கள்.