அமெரிக்காவின் ராம் பிக்கப்பில் (பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள வண்டி) வரும் கம்மின்ஸ் எஞ்சின் உண்மையில் ஃபோர்டுக்குச் சொந்தமானதா?

இல்லை. கம்மின்ஸ், இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருக்கும், டீசல் எஞ்சின் தயாரிக்கும் தனி நிறுவனம். ஃபோர்டுக்கும் சரி, ராமுக்கும் சரி, அது சொந்தமில்லை. ஆனால் இந்த வதந்திக்கு ஒரு வேர் உண்டு: 1990-இல் ஃபோர்டு, கம்மின்ஸின் சுமார் 10 சதவீதப் பங்கை வாங்கியது. பிறகு விற்றும்விட்டது. அப்புறம், ஃபோர்டின் எஃப்-650, எஃப்-750 லாரிகளில் கம்மின்ஸ் எஞ்சின் உண்மையிலேயே வந்தது. அதைப் பார்த்தவர்கள் பிக்கப்பிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

5.9 லிட்டர் கம்மின்ஸ் 1989 மாடலிலிருந்து வந்தது டாட்ஜ் பிக்கப்பில்தான் (ராமின் பழைய பெயர் டாட்ஜ்). ஃபோர்டு பிக்கப்புகளுக்கு 2010 மாடல் வரை டீசல் எஞ்சின் செய்து கொடுத்தது நேவிஸ்டார் என்ற வேறொரு நிறுவனம். 'பவர் ஸ்ட்ரோக்' என்பது ஃபோர்டு தன் பிக்கப்பின் டீசல் எஞ்சினுக்குச் சூட்டிய பெயர். அதே பெயரில் 2011 மாடலில் வந்த 6.7 லிட்டர் எஞ்சினைத்தான் ஃபோர்டே வடிவமைத்துத் தயாரித்தது. அதனால் "பவர் ஸ்ட்ரோக்கே மோசம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது அநியாயம். பழைய வண்டி வாங்கும்போது எந்த ஆண்டு மாடல், எத்தனை லிட்டர் என்று கேளுங்கள்.

ஜிஎம்மின் (ஜெனரல் மோட்டார்ஸ்) டீசல் எஞ்சினான டியூராமேக்ஸ், ஜப்பானின் இசுஸுவோடு கூட்டாக உருவானது. ஃபோர்டும் ஜிஎம்மும் பிக்கப்புக்காகச் சேர்ந்து உருவாக்கியது 10 வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை, எஞ்சினை அல்ல.