ஹாலோவீன் இரவில் வாசல் விளக்கை அணைக்காதீர்கள்

செப்டம்பரில் அயர்லாந்து வந்திறங்கிய நீங்கள் கேட்டது இது: அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று பிள்ளைகளைப் பேய் வேடத்தில் மிட்டாய் கேட்க வீடு வீடாக அனுப்பலாமா, அந்த அமெரிக்கப் பழக்கம் நமக்கு எதற்கு, சைவக் குடும்பத்துக்கு அதில் சாப்பிட என்ன இருக்கிறது?

தயங்காமல் அனுப்புங்கள், தங்கச்சி. இது இங்கிருந்து அமெரிக்கா போன பண்டிகை. அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும் 'சௌவின்' என்ற பழைய ஐரிஷ் திருநாளில் வேர்விட்டது. 19ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்கள் கையோடு கொண்டுபோனார்கள். இங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள். பூசணி அங்கே போன பிறகு வந்தது. அன்றிரவு இறந்தவர்கள் வீடு திரும்புவார்கள் என்று அவர்களுக்கும் மேசையில் இடம் வைக்கும் வழக்கம் இருந்தது. முன்னோருக்குப் படையல் போடும் வீட்டில் வளர்ந்த எனக்கு அது அந்நியமாகத் தோன்றவே இல்லை.

அன்றைய சாப்பாடு கோல்கேனன். உருளைக்கிழங்கை வேகவைத்துப் பால் விட்டு மசித்து, வெந்த கேல் கீரையோ முட்டைக்கோஸோ சேர்த்து, வெங்காயத்தாள் தூவுவார்கள். பருப்புச் சோற்றில் நெய்க்குக் குழி பறிப்போமே, அதுபோல நடுவில் குழித்து வெண்ணெயை உருக விடுவார்கள். முழுச் சைவம். நான் கொஞ்சம் மிளகு கூடுதலாகப் போடுவேன்.

அடுத்தது பார்ம்பிராக். தேநீரில் ஊறவைத்த உலர்திராட்சை போட்ட ரொட்டி. வீட்டில் செய்வதில் பெரும்பாலும் முட்டை சேரும், கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு மோதிரம் ஒளித்திருக்கும். யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் கல்யாணம். முன்பெல்லாம் செல்வத்துக்கு நாணயம், வறுமைக்குக் கந்தல் துணி என்றும் வைப்பார்களாம். எங்கள் முதல் வருடம் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு பார்ம்பிராக்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஆறு வயது மகளுக்கு மோதிரம் கிடைத்தது. பாட்டி கைதட்டிச் சிரித்தார். அதுவரை வணக்கம் சொல்வதோடு நின்றிருந்த பழக்கம் அன்று உறவாயிற்று. சிறு பிள்ளைகளுக்கு மட்டும் துண்டைப் பிட்டுப் பார்த்துக் கொடுங்கள், மோதிரத்தைக் கடித்துவிடுவார்கள்.

தீபாவளியும் அதையொட்டியே வருவதால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பொதுமக்கள் பட்டாசு வாங்குவதும் வெடிப்பதும் சட்டவிரோதம். எல்லை தாண்டி, பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்திலிருந்து கொண்டுவந்தாலும் அப்படித்தான். தெருவில் சத்தம் கேட்கிறதே என்று நீங்கள் இறங்கிவிடாதீர்கள்.

மீத் மாவட்டத்தில் டிரிம், ஆத்பாய் ஊர்களில் 2019 முதல் 'பூக்கா' என்ற ஹாலோவீன் விழா நடக்கிறது. பள்ளி விடுமுறை வாரம்தான், ஒரு நாள் போய் வாருங்கள்.

வாசல் விளக்கு எரிந்தால்தான் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் உங்கள் கதவைத் தட்டுவார்கள். மிட்டாயும் தோலோடு வேர்க்கடலையும் வாங்கி வையுங்கள். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய வாரம் அது, ஐந்தரைக்கே இருட்டிவிடும், குளிரும். வேட உடையை ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே கோட்டு போட வேண்டும்.