மெமரி கார்டுக்கு எந்த ஃபார்மேட்?

கேள்வி: என் லேப்டாப்பில் மொத்தமே 64 ஜிபிதான். அதனால் 128 ஜிபி மெமரி கார்டைச் சொருகி வைத்திருக்கிறேன். தங்கை கல்யாண வீடியோவை அதில் ஏற்றினால், இடம் இருந்தும் ‘ஃபைல் பெரிது’ என்று நின்றுவிடுகிறது. கார்டு கெட்டுவிட்டதா?
– வாசகி, தேனி

பதில்: கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். மொபைலில் போட்டு ஃபார்மேட் செய்தால் சில சமயம் அப்படி ஆகும். அதில் எந்த ஒரு ஃபைலும் 4 ஜிபியைத் தொடக் கூடாது. கல்யாண வீடியோ எங்கே அதற்குள் அடங்கப்போகிறது?

இந்தத் தடை இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். கார்டு, பென்டிரைவுகளுக்காகவே மைக்ரோசாஃப்ட் 2006-இல் அதைக் கொண்டுவந்தது. விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்கலாம், எழுதலாம். லினக்ஸிலும் 2019-இல் வந்த 5.4 கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதல் சேர்ந்தே வருகிறது.

கார்டு லேப்டாப்பை விட்டு வெளியே வரவே வராது, விண்டோஸ் மட்டும்தான் என்றால் என் ஓட்டு என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு முறைக்கு. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துவைத்துக்கொண்டுதான் அது வேலையைத் தொடங்கும். பாதியில் பேட்டரி தீர்ந்து அணைந்தாலும் சமாளித்துக்கொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்த வசதி கிடையாது. ‘இஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்காதீர்கள். ஆனால் என்டிஎஃப்எஸ் கார்டை மேக்கில் போட்டால் படிக்கும், எழுத விடாது. பல கேமராக்கள் சீந்தவே சீந்தாது.

ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், முதலில் வேறிடத்தில் காப்பி எடுங்கள். அப்புறம் கார்டின் மேல் ரைட் கிளிக், ஃபார்மேட், ஃபைல் சிஸ்டத்தில் எக்ஸ்ஃபேட். ‘அலொகேஷன் யூனிட் சைஸ்’ என்று ஒன்று கேட்கும், அதைத் தொடாதீர்கள். குவிக் ஃபார்மேட் போதும்.